சைவக் கொழுப்பு

வடிவாம்பிகைக்குக் கருவாட்டின் மேல் ஆசை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு.

பாளையங்கோட்டை மின்வாரிய அலுவலகத்தில் சாப்பாட்டு அறை என்று ஒன்று உண்டு. அங்கே அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிரகாசி டப்பாவைத் திறந்தாள். பிரகாசி கடலோர மணப்பாட்டுக்காரி, அதே பிரிவில் உதவியாளர். டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மற்ற நாளாக இருந்தால் வடிவு அந்த நொடியே தன் தயிர்ச்சாதத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போயிருப்பாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. வாயில் எச்சில் ஊறியது. ஒரு முறை விழுங்கினாள். மறுபடியும் ஊறியது.

"யக்கா, என்ன அப்பிடிப் பாக்கிய?" என்றாள் பிரகாசி.

"அதுல கத்திரிக்கா போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். மாங்காயும் கெடக்கு."

"கத்திரிக்கா மட்டும் ஒண்ணு தா."

கத்திரிக்காய் வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவது துண்டின் முதுகில் ஒரு நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்ததை வடிவு பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சாப்பிட்டாள்.

ஏழு தலைமுறையாக முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டாத குடும்பம் அவளுடையது. புருஷன் அம்பலவாணன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். பிஸ்கட் வாங்கினால்கூடப் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்த பிறகே வாயில் வைப்பவர். அவர்கள் குடியிருந்தது சைவ அடுக்ககம். மாடிக்கு ஒன்றும் மின்தூக்கிக்கு ஒன்றுமாக மோப்பக் கருவி பொருத்தி, சங்கச் செயலாளர் பிச்சாண்டி அதன் தகவல்களைத் தினமும் காலையில் பஞ்சாங்கம் போலப் படிப்பார்.

இப்படிப்பட்டவளுக்கு நெத்திலி ஆசை எங்கிருந்து வந்தது? அன்று சாயங்காலம் பஸ்ஸில் யோசித்தபோது வடிவுக்குப் பளிச்சென்று விடை கிடைத்தது. அந்தக் கொழுப்பு.

பதினோரு வாரத்துக்கு முன்னால் அவள் மார்பகத்தைப் பெரிதாக்க மருத்துவமனையில் கொழுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பலகை'. ஆண்டு விழா நாடகங்களில் எப்போதும் அவளுக்கு ஆம்பிளை வேஷம்தான். கல்யாணமாகி, உத்தியோகம் உயர்ந்து, முப்பத்தொன்பது வயதாகியும் தையல்கடையில் அளவு எடுக்கும்போது தையல்காரி ஒரு கணம் நாடாவைப் பிடித்தபடி தயங்குவது நிற்கவில்லை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் போனாள்.

"எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியலையே" என்றார் அம்பலவாணன்.

"எனக்குத் தெரியுதுல்லா" என்றாள் வடிவு.

மேனி மருத்துவமனையில் டாக்டர் பெர்சிஸ் அவளுடைய வயிறு, தொடை, இடுப்பு எல்லாவற்றையும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சொந்தக் கொழுப்ப எடுத்து வெக்கிறதுதான் நல்லது. ஆனா எடுக்க எங்கயும் இல்லையேம்மா. உங்க உடம்புல கொழுப்பே கெடையாது."

"எங்க வீட்டுல அப்பிடிச் சொல்ல மாட்டாவ, டாக்டர்."

அதனால் கொழுப்பு வங்கி. அந்தக் காலத்தில் அது புதிது. உடம்பைக் குறைக்க வருகிறவர்களிடம் எடுத்த கொழுப்பைக் கழுவி, செல்லின் மேல் இன்னாருடையது என்று காட்டும் அடையாளத்தை மட்டும் அழித்து வைத்திருப்பார்கள். வேறொருவர் உடம்பு அதை அந்நியம் என்று எதிர்க்காது. ஒரே ஒரு சிக்கல்.

"கொழுப்புன்னா தலகாணிப் பஞ்சு மாதிரி சும்மா கெடக்கிற சமாச்சாரம் இல்ல சார்" என்று அம்பலவாணனிடம் விளக்கினார் டாக்டர். "அதுவும் ஒரு உறுப்புதான். பசிக்குது, போதும்னு மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். பழைய உடம்பு சாப்பிட்டுப் பழகினத அது மறக்காதுன்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுது. புது உடம்புலயும் கேக்கலாம். கேக்காமலும் போகலாம். எதுக்கு வம்புன்னு நாங்க சைவம், அசைவம்னு பிரிச்சே வெச்சிருக்கோம்."

"வெங்காயம், பூண்டு சேக்காததா ஒண்ணு கெடைக்குமா?"

"அதுக்குப் பதிவு பண்ணி ஆறு மாசம் காத்திருக்கணும் சார்."

அம்பலவாணன் பெருமூச்சு விட்டு, சாதா சைவத்துக்குச் சம்மதித்தார். தரகர்கள்கூட அப்போது பெண் பார்க்கும்போது ஜாதகத்தோடு கொழுப்புச் சான்றிதழும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 'மணமகள் உடம்பில் பிறர் கொழுப்பு எதுவும் இல்லை' என்று விளம்பரம் வந்து ஊரே சிரித்தது. சிரித்தவர்களே மறு வாரம் அதே மாதிரி விளம்பரம் கொடுத்தார்கள்.

சம்மதக் கடிதம் பத்தொன்பது பக்கம். பெர்சிஸ் அதை வரி விடாமல் வாசித்தார். பத்துக்கு நாலு பங்கு கரைந்து போகும். ரத்த ஓட்டம் கிடைக்காத பகுதி செத்துப் போகும். செத்தது எண்ணெயாகத் தேங்கும், கட்டியாக இறுகும், சுண்ணாம்புப் புள்ளியாகும். பின்னால் எப்போதாவது படம் எடுத்தால் அந்தப் புள்ளிகள் புற்றுநோய் போலவே தெரிந்து ஆளைக் கலங்கடிக்கும். பதினோராம் பக்கத்துக்கு மேல் வடிவு எதையும் கேட்கவில்லை. மாம்பழ நிறத்தில் ஒரு ரவிக்கை தைப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

ரவிக்கையும் தைத்தாள். முதல் மாதம் அழகாக இருந்தது. இரண்டாவது மாதம் லேசாகத் தொளதொளத்தது. வடிவு கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். அதன் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

விஷயத்தை அவள் பிரகாசியிடம் மட்டும் சொன்னாள். "எனக்கு வேண்டாம் பிரகாசி. அதுதான் கேக்குது."

"எது?"

வடிவு கண்ணால் கீழே காட்டினாள். பிரகாசி சிரித்த சிரிப்பில் புரையேறியது. அவள் தலையில் தட்டிக்கொண்டே சொன்னாள். "இது எங்க கடக்கரைப் பொம்பளையோட கொழுப்புதான்க்கா. சத்தியமாச் சொல்லுதேன். இல்லாட்டி இவ்வளவு ருசி தெரியாது. சைவம்னு உங்களுக்கு ஆள மாத்திக் குடுத்திட்டாவ."

அன்றிலிருந்து அந்த முகம் தெரியாத பெண்ணுக்குப் பிரகாசி, அண்ணியைக் கூப்பிடுவது போல 'மைனி' என்று பெயர் வைத்துவிட்டாள். "மைனிக்கு இன்னைக்குச் சாளக் கருவாடு" என்று ஒரு டப்பா தனியாக வரும். "மைனி நேத்துப் பட்டினி கெடந்தாளா, இப்பிடி அள்ளுதா" என்பாள். மைனிக்கு முதலில் வாரம் ஒரு நாள் போதுமாயிருந்தது. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு தினமும். கருவாட்டுக் குழம்புக்குச் சோறு கூடுதலாக இறங்கியது. தொளதொளத்த ரவிக்கை மறுபடியும் நிறைந்தது; சொல்லப்போனால் கொக்கி மாட்டக் கஷ்டமாயிற்று. வடிவுக்கு மைனி மேல் ஒரு நன்றியே வந்துவிட்டது.

மாட்டிக்கொண்டது மின்தூக்கியில். புருஷனும் பெண்டாட்டியுமாக ஏறினார்கள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே மோப்பக் கருவி நிதானமான பெண் குரலில் அறிவித்தது: "கடல் சார்ந்த வாசனை. இரண்டாம் நிலை. வலது கை."

அம்பலவாணன் தன் வலது கையை மோந்து பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் வடிவு எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன செய்வ, வடிவு. உனக்குள்ள வேற யாரோ உக்காந்து கேக்கா. இது ஒரு நோய் மாதிரி. ஆனா அந்த ஆஸ்பத்திரிய நான் விட மாட்டேன்."

கணக்கு வாத்தியார் கோபம் மெதுவாக வரும். வந்தால் படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டு வரும். நுகர்வோர் ஆணையத்தில் வடிவின் பெயரில் மனு போட்டார்: சைவம் என்று சொல்லி அசைவக் கொழுப்பை வைத்து ஏமாற்றியது. செய்தி பரவிய ஒரே வாரத்தில் அதே மருத்துவமனையில் கொழுப்பு வைத்துக்கொண்ட பெண்கள் பன்னிரண்டு பேர் அம்பலவாணனைத் தேடி வந்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஒருத்திக்குக் கோழி. ஒருத்திக்குத் தினமும் காலை பத்து மணிக்குப் பரோட்டா. ஆனால் போகப் போக விவகாரம் சாப்பாட்டைத் தாண்டியது. தென்காசியிலிருந்து வந்தவள் மாமனாரை எதிர்த்துப் பேசியதற்குக் கொழுப்புதான் காரணம் என்றாள். இன்னொருத்தி வீட்டில் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் கன்னியாகுமரிக்குப் போய்ச் சூரியோதயம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது சார், அதுக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். எல்லாருடைய வீட்டிலும் இதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள், அவளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று. இப்போது அதற்கு மருத்துவச் சான்றும் கிடைக்கப் போகிறது. ஒவ்வொரு முகத்திலும் நிம்மதி.

அம்பலவாணன் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக்கொண்டார். மேனி மருத்துவமனையின் வாசலில் கூட்டம் குறைந்தது. டாக்டர் பெர்சிஸ் தன்னுடைய இரண்டு செவிலியரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகப் பேச்சு வந்தது. வடிவுக்கு அது உறுத்தியது. ஆனால் மறுநாள் டப்பாவைத் திறந்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது, இடது மார்பகத்தின் பக்கவாட்டில் அவள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் நகரவில்லை.

எட்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் குளியலறையில் தொட்டுப் பார்ப்பாள், இன்றைக்கு இல்லாமல் போயிருக்கும் என்று நினைப்பாள், இருக்கும். ஒன்பதாம் நாள் பிரகாசி டப்பாவைத் திறந்தபோது வடிவு கையை நீட்டவில்லை.

"யக்கா, மைனிக்கு என்ன கோவம்?"

வடிவு சொன்னாள். பிரகாசி டப்பாவை மூடினாள். அரை நாள் விடுப்புக்குத் தானே எழுதிக் கொடுத்து, வடிவை ஆளில்லா ஆட்டோவில் ஏற்றி, "நேரா அந்த டாக்டர்கிட்டதான் போறோம். கேஸ் கீஸெல்லாம் பொறவு" என்றாள்.

டாக்டர் பெர்சிஸ் வடிவைப் பார்த்ததும் ஒரு வினாடி நின்றார். அவர் மேல் வழக்குப் போட்டவள். பிறகு, "உள்ள வாங்க, படுங்க" என்று மட்டும் சொன்னார். படம் எடுத்தார். திரையில் கறுப்பு வெள்ளையில் ஏதோ வானம் போல இருந்தது. நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள்.

"செத்துப்போன கொழுப்பு இப்பிடித்தான் தெரியும். புத்துநோயும் இப்பிடித்தான் தெரியும். படத்த வெச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து அனுப்புறேன். யாரோட செல்லுன்னும் சேத்துப் பாக்கச் சொல்லுறேன். அஞ்சு நாள் ஆகும்."

"இதெல்லாம் நீங்க முன்னாலயே சொன்னீங்களா டாக்டர்?"

"பதிமூணாம் பக்கம்" என்றார் பெர்சிஸ். குரலில் குத்தல் இல்லை.

அந்த ஐந்து நாளில் வடிவு ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. அம்பலவாணனிடம் சொல்லியாயிற்று. அவர் அவளுக்குப் பிடித்த சொதி வைத்தார், கூட்டாஞ்சோறு ஆக்கினார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் துணிப்பையோடு வெளியே போனார்.

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கருவாட்டுக் கடை முன்னால் நின்றார். கடைக்காரம்மா என்ன வேணும் என்று கேட்டதற்கு, "நடுத்தரமா ஒண்ணு குடுங்க" என்றார்.

"என்ன மீனுய்யா? நெத்திலி, சாள, வாள, சீலா..."

"முகம் இல்லாததா இருந்தா நல்லது."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலை கிள்ளிய நெத்திலியை நிறுத்துக் கொடுத்து, எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை தண்ணீர், எப்போது போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அவர் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, தேற்றத்தை நிறுவுவது போல வரி வரியாகச் சமைத்தார்.

கொதி வந்த நொடியில் அடுக்ககத்தின் ஆறு மாடிகளிலும் மோப்பக் கருவிகள் ஒரே குரலில் கூவின. "கடல் சார்ந்த வாசனை. ஐந்தாம் நிலை. குடியிருப்போர் நிதானமாக வெளியேறவும்." படுத்திருந்த வடிவு எழுந்து வருவதற்குள் வாசலில் பிச்சாண்டியும் பின்னால் பதினைந்து பேரும் நின்றார்கள்.

"சார், என்ன இது?" என்றார் பிச்சாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

அம்பலவாணன் கரண்டியோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முகத்தில் துண்டு அப்படியே இருந்தது. "என் பொஞ்சாதி மூணு நாளாச் சாப்பிடல. அவளுக்குள்ள இருக்கிறது இதத்தான் கேக்குது. இது மருந்து. அபராதம் உண்டுன்னா நாளைக்கு வந்து கட்டுதேன். இப்பம் கொழம்பு அடி பிடிச்சிரும்."

கதவைச் சாத்தினார். வடிவு அன்றைக்கு மூன்று தட்டுச் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறம் கொண்டு விசிறிக்கொண்டிருந்தார். அவளுக்கா, வாசனைக்கா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் பெர்சிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "முதல்ல நல்ல சேதி. புத்துநோய் இல்ல. செத்த கொழுப்பு இறுகிப்போய்க் கட்டியா நிக்குது. பெருசானா எடுத்திரலாம். இல்லாட்டி விட்டிரலாம்."

கொஞ்ச நேரம் வடிவுக்கு டாக்டர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. விழத் தொடங்கியபோது அவர் இரண்டாவது தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது, நாங்க வெச்ச கொழுப்பு சைவமேதான். குடுத்தவங்க பதிவையும் வங்கியில பாத்தாச்சு. அந்தம்மா பால்கூடக் குடிக்க மாட்டாங்க. ஆனா அது இப்ப முக்கியமில்ல."

"ஏன்?"

"அதுல ஒரு செல்லுகூட உயிரோட இல்ல. ரத்த ஓட்டமே கெடைக்கல. அஞ்சு, ஆறு வாரத்துலயே எல்லாம் செத்திருக்கு. நீங்க கருவாடு சாப்பிட ஆரம்பிச்சது பதினோராவது வாரம்னுதான மனுவுல எழுதியிருக்கீங்க?"

வடிவு தலையாட்டினாள்.

"செத்தது எதையும் கேக்காதும்மா."

"அப்பம் இது?" என்று வடிவு தன்னைக் குனிந்து பார்த்தாள். "திரும்ப நெறஞ்சுச்சே."

"ஒம்பது கிலோ ஏறியிருக்கீங்க. உடம்பு எல்லா எடத்துலயும் கொஞ்சம் வெச்சிருக்கு, அங்கயும் வெச்சிருக்கு. முழுக்க உங்க கொழுப்பு." பெர்சிஸ் தாளை மடித்து அவளிடம் நீட்டினார். "இத நான் ஆணையத்துல காட்டலாம். ஆனா உங்க உடம்பு சமாச்சாரம். நீங்க சொன்னாத்தான் காட்டுவேன்."

வெளியே நாற்காலி நுனியில் அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"இல்லியாம்" என்றாள் வடிவு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அந்த நேரத்தில் வடிவு தாளைப் பைக்குள் போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். மைனி என்றென்றைக்கும் உயிரோடு இருந்திருப்பாள். தினமும் மருந்து கிடைத்திருக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு பதினாறு பேரை எதிர்த்து நின்ற மனுஷனிடம் அதைச் செய்ய வடிவுக்கு மனம் வரவில்லை. தாளை அவரிடமே கொடுத்தாள்.

அவர் எதையும் முழுதாக வாசிப்பவர். வாசித்து முடித்து, முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

"அப்பம் கேட்டது யாரு?"

"நான்தான்."

இரண்டு நாள் அவர் அந்தத் தாளையே எடுத்து எடுத்து வாசித்தார். மூன்றாம் நாள் காலையில் காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு, "நோய்னு நெனச்சப்பம் எனக்குச் சுளுவா இருந்துச்சு" என்றார்.

"எனக்கும் அப்பிடித்தான். ஆசைன்னு சொன்னா என்ன செய்வீய?"

"தெரியல. கணக்குல இப்பிடி ஒண்ணு வரல" என்றார்.

மனுவைத் திரும்பப் பெறப் போகிறாள் என்று தெரிந்ததும் பன்னிரண்டு பெண்களும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள்காரி கெஞ்சவே கெஞ்சினாள். "நீங்க உண்மையச் சொல்லிட்டீங்கன்னா எங்களையும் சோதிக்கச் சொல்லுவாங்கக்கா. என்னோடதும் செத்துப் போயிருந்திச்சின்னா நான் வீட்டுல என்ன சொல்ல?"

"கன்னியாகுமரி நல்லாயிருந்துச்சுன்னு சொல்லு" என்றாள் வடிவு.

ஆணையத்தில் எழுத்தர் படிவத்தை நீட்டினார். திரும்பப் பெறுவதற்கான காரணம் என்ற இடத்தில் வடிவு எழுதினாள்: 'மனுதாரர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் சாப்பிட்டார்.' எழுத்தர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். அம்பலவாணன் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். இருவருமாகப் பெர்சிஸிடம் போய் மன்னிப்புக் கேட்பதென்று பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவர் சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"வடிவு."

"என்ன?"

"அன்னைக்குக் கொழம்பு வெச்சேன்லா. உப்பு பாக்கணும்னு ஒரு சொட்டு நாக்குல விட்டேன்."

"சரி."

"பொறவு கூட்டம் போனதும் அடுக்களைக்குப் போயி ரெண்டு துண்டு தின்னேன். அதுக்கு உப்பெல்லாம் காரணம் இல்ல." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு யாரும் எதுவும் வெக்கலையே. அந்த ரெண்டு நாளும் அதத்தான் யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."

வடிவு அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று தெரியும். சிரித்தால் மனுஷன் சுருங்கிப்போவார்.

"பிரகாசி வீட்டுல ஞாயித்துக்கெழம சீலா மீன் கொழம்பு" என்றாள். "அவ வீட்டுல மோப்பக் கருவியெல்லாம் கெடையாது."

அம்பலவாணன் ரொம்ப நேரம் யோசித்தார்.

"அதுக்கு முகம் உண்டா?" என்று கேட்டார்.